பிழைப் பட்டியலிலிருந்து மொழி வரலாறு: இலத்தீன் ஆய்வும் மொழியியலும்

முன்னுரை

ஐரோப்பியக் கல்வி வரலாற்றில் இலக்கணம் என்றாலே இலத்தீன் இலக்கணம் என்று கருதப்பட்ட காலம் மிக நீண்டது. நான்காம் நூற்றாண்டில் உரோமில் கற்பித்த தொனாத்துஸ், ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்தாந்திநோப்பிளில் கற்பித்த பிரிஸ்கியானுஸ் ஆகிய இருவரின் நூல்களும் இடைக்காலம் முழுவதும் பாடநூல்களாக விளங்கின. சான்றோர் எழுதியது சரி, அதிலிருந்து விலகியது பிழை என்பதே அம்மரபின் அடிப்படை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்த மொழியியல் இவ்வடிப்படையை மாற்றியது. விதியைக் காப்பவர் ஒதுக்கிய பிழைகளே மொழியின் வரலாற்றை அறிவதற்குச் சிறந்த சான்றுகள் என்பதை அது காட்டியது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், மொழி ஆசிரியர்களாகிய நமக்கு அது எதை உணர்த்துகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஒப்பியல் தந்த வரலாற்றுப் பார்வை

1786ஆம் ஆண்டில் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஆற்றிய உரையில், சமற்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவை ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்தவையாக இருத்தல் வேண்டும் என்று குறிப்பிட்டார். 1816ஆம் ஆண்டில் பிரான்ஸ் பாப் வெளியிட்ட வினைத்திரிபு ஆய்வு இக்கருத்தை முறையான ஒப்பீடாக வளர்த்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 'இனம்' என்னும் பொருளுடைய 'கெனுஸ்' என்ற இலத்தீன் சொல் ஆறாம் வேற்றுமையில் 'கெனெரிஸ்' என வரும். 'ஸ்' எவ்வாறு 'ர்' ஆயிற்று என்று பழைய இலக்கணம் கேட்பதில்லை. இரு வடிவங்களையும் மனனம் செய்யுமாறே அது மாணவரைப் பணித்தது. அதற்கு இனமான சமற்கிருதச் சொல் 'ஜனஸ்'. அதன் ஆறாம் வேற்றுமை வடிவம் 'ஜனஸஸ்'. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது, உயிர்களுக்கு இடைப்பட்ட 'ஸ்' இலத்தீனில் 'ர்' எனத் திரிந்தது புலனாகிறது. பப்பீரியர் என்னும் குடும்பத்தார் முற்காலத்தில் பப்பீசியர் என வழங்கப்பட்டனர் என்று சிசரோ ஒரு கடிதத்தில் எழுதியிருப்பது இம்முடிவுக்கு அரணாகிறது. ஆகவே, செம்மையின் உச்சமாகக் கருதப்பட்ட சிசரோவின் இலத்தீனும் ஒரு காலத்து மாற்றங்களின் விளைவே என்பது தெளிவாகிறது.

சிசரோ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். அவர் காலத்தில் அப்பெயர் 'கிக்கெரோ' என்றே ஒலித்தது. கிரேக்கர் அதனைக் ககர எழுத்தாலேயே எழுதினர். 'சீசர்' என நாம் கூறும் பெயர் செர்மானிய மொழியில் 'கைசர்' எனத் தங்கியது. சார்டினிய மொழியின் பழமை மாறாத வழக்குகளில் 'நூறு' என்னும் எண்ணுப்பெயர் இன்றும் 'கெந்து' எனக் ககரத்தோடே ஒலிக்கிறது. தாய்மொழியாகப் பேசுவோர் ஒருவரும் இல்லாத ஒரு மொழியின் ஒலிப்பை இவ்வாறு பல திசைச் சான்றுகளால் நிறுவ முடிந்தது. இச்சான்றுகளைத் தொகுத்து ஆராயும் சிட்னி ஆலனின் 'வோக்ஸ் லத்தீனா' என்னும் நூல் 1965இல் வெளிவந்தது.

பிழைகளின் மதிப்பு

இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துகீசியம், உருமேனியம் ஆகிய உரோமானிய மொழிகளை ஒப்பிட்டு பிரீட்ரிக் தீட்ஸ் எழுதிய இலக்கணத்தின் முதற்பகுதி 1836இல் வெளிவந்தது. இம்மொழிகள் இலக்கிய இலத்தீனிலிருந்து நேரே தோன்றியவை அல்ல. மக்கள் பேசிய இலத்தீனின் தொடர்ச்சியே அவை. ஆனால் மக்கள் பேசியதை எங்கே தேடுவது? ஊகோ ஷூகார்ட் 1866 முதல் 1868 வரை வெளியிட்ட தம் நூலில் இதற்கு விடை கண்டார். கல்வெட்டுகளிலும் ஏடுகளிலும் காணப்பட்ட எழுத்துப் பிழைகளை ஆயிரக்கணக்கில் திரட்டி, அவற்றைப் பேச்சொலியின் சான்றுகளாக அவர் ஆராய்ந்தார். செவிவழி எழுதுபவன் செய்யும் பிழை, அவன் செவி கேட்டதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இவ்வகைச் சான்றுகளுள் புகழ்பெற்றது 'புரோபுஸின் பின்னிணைப்பு' எனப்படும் பட்டியலாகும். வட இத்தாலியின் போபியோ மடத்திலிருந்து கிடைத்த ஓர் ஏட்டில் இது காணப்படுகிறது. பெயர் அறியப்படாத ஆசிரியர் ஒருவர், 'இதுவே சரி, இது அன்று' என்னும் வாய்பாட்டில் 227 திருத்தங்களை வரிசைப்படுத்தியுள்ளார். 'கண்' என்பதனை 'ஒக்குலுஸ்' என்று கூறுக, 'ஒக்லுஸ்' என்று கூறற்க என்பது அவர் விதி. 'கண்ணாடி' என்பதற்கு 'ஸ்பெக்குலும்' சரி, 'ஸ்பெக்லும்' பிழை. 'சூடானது' என்பதற்கு 'கலிதா' சரி, 'கல்தா' பிழை. இன்றைய இத்தாலியத்தில் இவை முறையே 'ஒக்கியோ', 'ஸ்பெக்கியோ', 'கல்தா' என வழங்குகின்றன. மூன்றும் அவ்வாசிரியர் விலக்கிய வடிவங்களின் வழித்தோன்றல்களே.

'மேசை' என்னும் சான்று

அப்பட்டியலில் தமிழாசிரியர் கவனத்துக்குரிய ஒரு சொல்லும் உண்டு. 'மென்ஸா' சரி, 'மேஸா' பிழை என்கிறது அது. மேசையைக் குறிக்கும் இச்சொல் ஸ்பானியத்திலும் போர்த்துகீசியத்திலும் னகரமின்றி 'மேஸா' என்றே நிலைபெற்றது. போர்த்துகீசியர் வழியாக அது தமிழில் 'மேசை' எனவும் மலாயில் 'மேஜா' எனவும் புகுந்தது. நம் வகுப்பறைகளில் ஆசிரியர் அமர்ந்து பிழை திருத்தும் மேசையின் பெயரே, ஒரு காலத்தில் ஓர் ஆசிரியர் திருத்திய பிழைதான்.

இங்கு மற்றொன்றையும் கருதவேண்டும். இந்த னகரக் கேடு பிற்காலச் சிதைவு அன்று. கி.மு. 259ஆம் ஆண்டில் ஆட்சித் தலைவராக இருந்த சிப்பியோ ஒருவரின் கல்லறையில் 'கோன்சோல்' என்னும் பதவிப்பெயர் 'கோசோல்' என்றே எழுதப்பட்டுள்ளது. கி.பி. முதலாம் நூற்றாண்டின் கல்வியாளர் குவிந்திலியானும், இப்பதவிப்பெயரை னகரத்தை விடுத்தே வாசிக்கிறோம் என்று பதிவுசெய்துள்ளார். எனவே 'பிழை' எனப்பட்ட ஒலிப்பு, செம்மை வழக்கு வரையறுக்கப்படுவதற்கு முன்பே இருந்தது; கற்றோர் நாவிலும் இருந்தது. 'தூய மொழி கல்லாதவரால் கெட்டது' என்னும் கூற்று இச்சான்றின்முன் நிற்பதில்லை.

இவ்வெச்சரிக்கையை வலியுறுத்தும் ஆய்வாளருள் ஜே. என். ஆடம்ஸ் குறிப்பிடத்தக்கவர். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேயின் சுவர்க் கிறுக்கல்கள், 1973 முதல் பிரித்தானியாவின் விண்டொலாண்டாவில் கிடைத்துவரும் மரப்பலகைக் கடிதங்கள், எகிப்தில் கிடைத்த படைவீரர் மடல்கள் முதலியவை பேச்சிலத்தீனுக்கு அரிய சான்றுகள். எனினும், 'கொச்சை இலத்தீன்' என ஒரு தனி மொழி இருந்ததாகக் கொள்ளலாகாது என்பதை ஆடம்ஸ் 2013இல் வெளியிட்ட நூல் விரிவாக விளக்குகிறது. கற்றவரும் கல்லாதவரும் பேச்சில் பல கூறுகளைப் பகிர்ந்துகொண்டனர். எழுத்துப் பயிற்சியில்தான் அவர்கள் பெரிதும் வேறுபட்டனர்.

திருத்தம் உண்டாக்கிய பிளவு

அவ்வாறாயின், இலத்தீன் எப்போது அயல்மொழியாயிற்று? ரோஜர் ரைட் 1982இல் முன்வைத்த விளக்கம் சிந்தனைக்குரியது. ஆங்கிலத்தில் எழுதப்படும் எழுத்துகள் யாவும் ஒலிக்கப்படாதது போல, எட்டாம் நூற்றாண்டு வரை கால் நாட்டு மக்கள் இலத்தீன் எழுத்தைத் தம் பேச்சொலியிலேயே வாசித்தனர். ஆதலால் கேட்போர்க்கு அது ஓரளவு விளங்கியது. சார்லமேன் பேரரசரின் அவையில் இருந்த அறிஞர் அல்குயின், தூய்மை கருதி, ஒவ்வோர் எழுத்தையும் ஒலித்து வாசிக்கும் முறையைப் புகுத்தினார். இதன் விளைவாகத் திருச்சபை உரை மக்களுக்குப் புரியாது போயிற்று என்பது ரைட்டின் வாதம். 813ஆம் ஆண்டில் தூர் நகரில் கூடிய சமயப் பேரவை, மறையுரைகளை மக்களின் உரோமானிய மொழியிலோ செர்மானிய மொழியிலோ பெயர்த்துரைக்குமாறு ஆணையிட்டது. 842இல் எடுக்கப்பட்ட ஸ்திராஸ்பூர்க் உறுதிமொழிகளில் உரோமானிய மொழி தனக்கென ஓர் எழுத்துவடிவம் பெற்றதைக் காண்கிறோம்.

ரைட்டின் கருத்தை அறிஞர் அனைவரும் முழுமையாக ஏற்கவில்லை. பிளவு படிப்படியாகவே நிகழ்ந்தது என்பாரும் உளர். ஆயினும், மொழியைக் காக்க எடுக்கும் முயற்சியே அதனை மக்களிடமிருந்து விலக்கக்கூடும் என்னும் உண்மையை அவர் ஆய்வு நம்முன் வைக்கிறது.

முடிவுரை

தமிழின் வரலாறு இலத்தீனின் வரலாறு அன்று. தமிழ் இன்றும் பேசப்படும் மொழி; அதன் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் ஒரே சமுதாயத்தின் உடைமைகள். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், இவ்விரு வழக்குகளுக்கும் தனித்தனியே இலக்கணம் வகுத்தார். கொடுந்தமிழுக்கு அவர் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அதனை அவர் எழுதிய மொழி இலத்தீனே. பேச்சு வழக்கும் இலக்கணத்திற்குரியது என்பதை அந்நூல் அன்றே ஏற்றுக்கொண்டது.

எழுத்து வழக்கைக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை, அதில் ஐயமில்லை. அவ்வழக்கு இல்லையேல் முன்னோர் நூல்களோடு நமக்குள்ள தொடர்பு அற்றுப்போகும். ஆனால், வீட்டில் கேட்ட தமிழோடு வகுப்பிற்கு வரும் மாணவனிடம் அவன் தமிழே பிழை என்று கூறுவது வேறு. எழுத்துக்கு வேறொரு வடிவம் உண்டு என்று காட்டுவது வேறு. வீட்டுத்தமிழே அருகிவரும் நம் சூழலில் இவ்வேறுபாடு சிறியதன்று. அன்றைய ஆசிரியர் எழுதிவைத்த 227 திருத்தங்களுள் பல, மக்கள் நாவில் தோற்றன. எனினும், தாம் கேட்ட வடிவங்களையும் அவர் பதிவுசெய்தமையால், அம்மக்கள் பேசியதை நாம் இன்று அறிகிறோம். சிவப்பு மையால் ஒரு வடிவத்தை அடிக்கும் முன்னர், அதை ஒருமுறை செவிகொடுத்துக் கேட்பது நமக்கும் பொருந்தும்.