பாலஸ்டியர் கல்சா காற்பந்துக் குழு

சிங்கப்பூரின் சிறிய தொழில்முறைக் காற்பந்துக் குழுக்களுள் ஒன்று. வயதிலோ மிக மூத்தது. 1898இல் ஃபத்துல் கரீப் என்ற பெயரில் தோன்றிய குழுவில் தன் வேரைக் காண்கிறது. 1975இல் பாலஸ்டியர் யுனைடெட் ஆயிற்று. பாலஸ்டியர் என்பது சிராங்கூன் சாலையோடு வந்து சேரும் சாலையின் பெயர். அங்கே கரும்புத் தோட்டம் வைத்திருந்த அமெரிக்கத் தூதர் ஜோசப் பாலஸ்டியரின் நினைவாக வைக்கப்பட்டது.

1996இல் எட்டுக் குழுக்களோடு சிங்கப்பூரின் தொழில்முறைக் காற்பந்து லீக்கான எஸ்.லீக் தொடங்கியபோது, பாலஸ்டியர் சென்ட்ரல் என்ற பெயரில் அதில் இடம்பெற்றது. சீக்கிய சமூகத்தின் ஆதரவில் 1999 முதல் லீக்கில் ஆடிவந்த கிளமெண்டி கல்சா, 2002 பருவத்துக்குப் பின் இதனுடன் இணைந்தது. இன்றைய பெயர் அப்படி வந்ததே. மலாய்க்காரர் வைத்த பெயரில் பிறந்து, அமெரிக்கர் ஒருவரின் பெயரையும் சீக்கியரின் ‘கல்சா’வையும் ஒருசேரச் சுமக்கும் குழு இது. இந்த ஊரின் கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் பெயர்ப்பலகை அரிது.

புலி இதன் சின்னம். அடுக்குமாடி வீடுகள் சூழ்ந்த தோ பாயோ அரங்கமே நெடுங்காலம் இதன் சொந்த மைதானமாக இருந்தது. பணபலம் மிக்க குழுக்களுக்கு நடுவே பல ஆண்டுகள் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் கழிந்தன. பின்னர் நிலை மாறியது: 2013இல் லீக் கிண்ணம், குரோவேசியப் பயிற்றுநர் மார்க்கோ கிராலியேவிச்சின் காலத்தில், 2014இல், ஹோம் யுனைடெட்டை வென்று சிங்கப்பூர்க் கிண்ணம். மறு ஆண்டு ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணப் போட்டியிலும் ஆடியது. எஸ்.லீக் பட்டத்தை இக்குழு ஒருமுறையும் வென்றதில்லை.