கல்லூரியில் இனவெறிக்கு எதிரான பதிவுகள்: ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதுமா?

2012 ஆகஸ்ட். அசாம் கலவரத்தின் எதிரொலியாகப் புனேயில் வடகிழக்கு மாநிலத்தவர்கள் தாக்கப்பட்டார்கள். எஸ்எம்எஸ் வதந்திகளும் சேர்ந்துகொள்ள, மாணவர்கள் உட்படப் பலர் குவாஹாட்டிக்கு ரயில் ஏறினார்கள். மத்திய அரசு மொத்தமாக அனுப்பும் எஸ்எம்எஸ்களுக்கு 15 நாள் தடை போட்டது. 300-க்கும் மேற்பட்ட இணைய முகவரிகளையும் கணக்குகளையும் முடக்கச் சொன்னது. அரசு எதை முடக்கியது என்பதற்குப் பட்டியல் உண்டு. ஹாஸ்டல் அறையிலிருந்து ஒரு மாணவர் வீட்டுக்கு அனுப்பிய மெசேஜ்? அது அந்த போனோடு போய்விட்டது.

2014 ஜனவரியில் டெல்லியில் அருணாசல மாணவர் நிடோ டானியா தாக்கப்பட்டு இறந்தபோது, போராட்டம் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் நடந்தது. அடுத்த மாதமே பெஸ்பரூவா குழு அமைக்கப்பட்டது. குழுவின் அறிக்கை இருக்கும். அதற்கு அழுத்தம் கொடுத்த பதிவுகள் இருக்குமா என்பது கணக்கு வைத்திருப்பவர் கையிலும் கம்பெனி கையிலும் இருக்கிறது.

சரி, எப்படிச் சேமிப்பது? ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் எடிட் பண்ணலாம். அதனால் பதிவின் முகவரி, தேதி, எடுத்த நேரம் மூன்றையும் கூடவே குறித்து வையுங்கள். 'வேபேக் மெஷின்' நல்ல வழிதான், ஆனால் இன்ஸ்டாகிராம் என்றால் பெரும்பாலும் லாகின் பக்கம்தான் பதிவாகும். பதிவு போட்டவரே தன் டேட்டாவை டவுன்லோட் செய்து தருவது இன்னும் உறுதியானது. வழக்கு வரை போகும் என்றால் ஃபைலின் 'ஹாஷ்' மதிப்பையும் எடுத்துவிடுங்கள். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் படிவம் அதைக் கேட்கிறது.

இதைவிடச் சிக்கலானது அனுமதி. அமெரிக்காவில் 2014 ஃபெர்குசன் போராட்டத்தின்போது சுமார் 1.3 கோடி ட்வீட்களைச் சேகரித்தவர்களின் முயற்சி 'டாக்குமென்டிங் தி நவ்' திட்டமாக வளர்ந்தது. அவர்கள் ட்வீட்களை அல்ல, அவற்றின் எண்களை மட்டுமே வெளியிட்டார்கள். எழுதியவர் அழித்துவிட்டால், எண்ணை வைத்துத் தேடினாலும் அந்த ட்வீட் வராது. அழகான ஏற்பாடு! 2023-ல் ட்விட்டர் இலவச ஏபிஐ-யை மூடியதும், எண்களை மறுபடி ட்வீட்களாக மாற்றுவதே காசுள்ளவர்களுக்கான வேலையாகிவிட்டது.

உங்கள் கல்லூரிக் குழுவுக்காகச் சேகரிக்கிறீர்களா? முதலில் எழுதியவரிடம் கேளுங்கள். பேராசிரியர் மேல் புகார் எழுதிய மாணவி, அடுத்த வருடம் வேலை தேடும்போது அவர் பெயரை ஹெச்ஆர் கூகுளில் போட்டுப் பார்ப்பார். பெயரை மறைக்க வேண்டுமா, படிப்பு முடியும்வரை பூட்டி வைக்க வேண்டுமா என்பதை அவரே சொல்லட்டும்.