கோலி சோடாவும் திருகு மூடியும்

போன மாசம் குயிலாப்பாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழாவது படிக்கும் அக்கா பையன், "மாமா, ஐஸ் வாட்டர் குடிச்சா பல்லு கூசுது" என்றான். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். சொத்தை எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் முன்பற்களின் நுனி கண்ணாடி மாதிரி மெலிந்திருந்தது. பல் டாக்டர் பார்த்துவிட்டு, "அமிலத்தால எனாமல் அரிச்சிருக்கு. போனது திரும்ப வளராது" என்று சொல்லிவிட்டார்.

சொத்தை வேறு, அரிப்பு வேறு. சொத்தையில், சர்க்கரையைத் தின்னும் பாக்டீரியா அமிலத்தை உண்டாக்குகிறது. இதை 1890-ல் புத்தகமாக எழுதியவர் பெர்லினில் இருந்த அமெரிக்கர் வில்லோபி மில்லர். அரிப்பில் பாக்டீரியாவுக்கு வேலையே இல்லை. நாம் குடிப்பதிலேயே அமிலம் இருக்கிறது. அதனால் சர்க்கரை இல்லாத டயட் பானமும் அரிக்கும். மில்லரே 1907-ல் பல்பொடி, பிரஷ், அமிலம் எல்லாம் பல்லை எப்படித் தேய்க்கின்றன என்று சோதித்து எழுதினார்.

எங்க தாத்தா அடுப்புக்கரியும் மரக்காணம் உப்பும் வச்சுத்தான் பல் தேய்ச்சார். நாங்க புளியங்காயும் அரைநெல்லியும் தின்னு பல் கூசினவங்கதான். அப்போ இவனுக்கு மட்டும் என்ன புதுசு?

என் சந்தேகம் பாட்டில் மேல்.

கோலி சோடா பாட்டில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களில் கொண்டுவந்தது. கோலியை உள்ளே தள்ளினால் கடையிலேயே நின்று குடித்து, பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கணும். மொத்தம் ரெண்டு நிமிஷ வேலை. 1973-ல் டுபாண்ட் கம்பெனியின் நதானியேல் வயெத் பெட் பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். அதோடு திருகு மூடியும் சேர்ந்ததும், பானம் ஸ்கூல் பைக்குள் ஏறிவிட்டது. பையன் காலையில் திறப்பதை சாயந்திரம் வரை ஒவ்வொரு வாயாகக் குடிக்கிறான்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. எனாமல் கரையத் தொடங்கும் பி.எச். அளவு சுமார் 5.5. கோலாவில் அது சுமார் 2.5. அதாவது அமிலம் ஆயிரம் மடங்கு. ஒரு வாய் குடித்தால் எச்சில் சில நிமிஷத்தில் சமாளித்துவிடும். அடுத்த வாய் உள்ளே போனால் டைமர் ரீசெட்!

1977-ல் இந்தியாவை விட்டுப் போன கோக் 1993-ல் திரும்பி வந்தது. அதே 1993-ல் பிரிட்டன், தன் குழந்தைகள் பல் கணக்கெடுப்பில் முதல்முறையாக அரிப்பையும் சேர்த்தது. ஐந்து வயதுக் குழந்தைகளில் பாதிக்கு மேல் அரிப்பு இருந்தது. நாம் 2017-ல், ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்றோம். நிலத்தடி நீருக்காக அது நியாயமான கோபம். ஆனால் உள்ளூர் கோலாவா வெளிநாட்டு கோலாவா என்பது பல்லுக்குத் தெரியாது.

அடிக்கடி வாந்தி, எதுக்களிப்பு, எச்சில் குறைவு இருக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூடும்.

அக்கா நல்ல எண்ணத்தில், அவன் ஜூஸ் குடித்ததும் பல் தேய்க்க விரட்டுவாள். அதுவும் தப்பு. அமிலத்தில் இளகிய எனாமலை பிரஷ் சுரண்டி எடுத்துவிடும். வெறும் தண்ணீரில் கொப்பளித்து, அரை மணி நேரமாவது பொறுக்கணும்.

இப்போ வீட்டில் ஒரு ஒப்பந்தம். எப்பவாவது குடிக்கலாம், சாப்பாட்டோடு, ஒரே மூச்சில், கோலி சோடா மாதிரி. ஸ்கூல் பைக்குள் தண்ணீர் பாட்டில் மட்டும்.