தோளில் ஏறிய மின்சாரம்

திருவண்ணாமலைக்கு வந்த யாத்திரிகர்கள் நெடுங்காலம் சத்திரங்களிலும் மடங்களிலும்தான் தங்கினார்கள். திண்ணை, முற்றம், கம்பி போட்ட மரச்சன்னல். துடைக்க அங்கே கண்ணாடி ஏது? 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காடு பிரிந்து இந்த ஊர் மாவட்டத் தலைநகரானது. பௌர்ணமி கிரிவலக் கூட்டமும் வருஷத்துக்கு வருஷம் பெருகியது. செங்கம் சாலையிலும் வேங்கிக்கால் பக்கமும் கிரிவலப் பாதையை ஒட்டியும் லாட்ஜுகள் எழும்பின. நாலு மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி. புழுதியும் மழையும் மாறி மாறி அடிக்கிற ஊரில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பதே ஒரு பிழைப்பாகிவிட்டது.

அந்தப் பிழைப்பில் இருக்கிற பையன்கள் என் கடைக்கு வருவார்கள். போளூர் ரோட்டில் அப்பா தொடங்கிய பேட்டரிக் கடை இது. அவர்கள் முதுகில் மாட்டி வருவது உழவர்கள் பயிருக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர்தான். 16 லிட்டர் டேங்க், 12 வோல்ட் மோட்டார், அடியில் ஒரு பேட்டரி. மருந்தடிக்கும் நாசிலைக் கழற்றிவிட்டு நீளக் கம்பும் பிரஷ்ஷும் பொருத்திக்கொள்கிறார்கள். "அண்ணே, ரொம்ப நேரம் நிக்கிற மாதிரி ஒரு பேட்டரி குடுங்க" என்று கேட்பார்கள்.

ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்து விலை சொல்வது எளிது. ஆனால் வெளிச்சத்தையும் மின்சாரத்தையும் ஆள் சுமந்து போவது இந்த ஊரில் பழைய கதை. அதில் சாமானைத் தேர்ந்தெடுத்தவர் எப்போதும் ஒருவர், சுமந்தவர் இன்னொருவர். இந்தப் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் பத்து நாளும் மாடவீதிகளில் சாமி புறப்பாடு உண்டு. ஐந்தாம் நாள் இரவு வெள்ளி ரிஷப வாகனம், ஏழாம் நாள் தேர், பத்தாம் நாள் மலைமேல் தீபம். புறப்பாட்டுக்கு முன்னால் தீவட்டி போகும். பிற்பாடு காஸ் லைட் வந்தது. எல்லோரும் பெட்ரோமாக்ஸ் என்று சொல்கிற அந்த விளக்கு பெர்லினில் எர்ரிச் அண்டு கிரேட்ஸ் கம்பெனி 1910-ஐ ஒட்டிக் கொண்டுவந்தது. அதில் எரிகிற மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் திருவாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். இன்று குமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சியில் அந்த மணலைப் பிரித்தெடுக்கும் வேலை தொடங்கியது. நம் கடற்கரை மணல் கடல் கடந்துபோய் மேண்டிலாகித் திரும்பி வந்து நம் வீதிகளில் எரிந்தது.

எரிந்த இடம் ஆள் தலை. கல்யாண ஜானவாசமானாலும் ஊர்வலமானாலும் சும்மாடு வைத்து, அதன்மேல் விளக்கை ஏற்றி, இரண்டு பக்கமும் வரிசையாக நடப்பார்கள். பெண்கள் அதிகம். மண்ணெண்ணெய் நிறைந்த பித்தளை டேங்க், மேலே கண்ணாடிக் கூண்டு, காதருகே விடாத இரைச்சல், நெற்றிவரை இறங்கும் சூடு. காற்றுக் குறைந்தால் ஒருவர் ஓடிவந்து பம்ப் அடிப்பார். தலையில் இருப்பவர் நின்ற இடத்திலேயே கழுத்தை அசைக்காமல் நிற்க வேண்டும். அசைந்தால் மேண்டில் உதிரும். உதிர்ந்த மேண்டிலுக்குக் கூலியில் பிடித்துக்கொண்ட முதலாளிகளைப் பற்றி அப்பா கோபத்தோடு பேசுவார். பிறகு டியூப்லைட் சட்டங்கள் வந்தன. ஜெனரேட்டர் வண்டியில் போனது. ஆனால் வயரால் பிணைத்த விளக்கு அதே தலைகளில்தான் இருந்தது. ஒருவர் தடுக்கினால் வரிசையே இழுபடும்.

பேட்டரி இந்த ஊருக்குப் பிழைப்பாக வந்தது ரேடியோவாலும் மைக் செட்டாலும். சென்னை வானொலி 1938 ஜூன் 16-லும் திருச்சி நிலையம் 1939 மே 16-லும் ஒலிபரப்பத் தொடங்கின. கம்பி போகாத கிராமங்களில் வால்வு ரேடியோவுக்கு 90 வோல்ட் டிரை பேட்டரி, செங்கல் மாதிரி கனமாக, தேவைப்பட்டது. டிரான்சிஸ்டர் வந்த பிறகு டார்ச் செல் நாலு போட்டால் பாட்டு வந்துவிட்டது. திருவொற்றியூரில் எவரெடி ஆலை இருந்ததால் செல்லுக்குப் பஞ்சமில்லை. ரேடியோ கையோடு போகிற பொருளாயிற்று. மைக் செட் அப்படி இளைக்கவில்லை. ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர், இசைத்தட்டுப் பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கார் பேட்டரி. செய்யாறு, கலசபாக்கம், செங்கம் பக்கத்துக் கூத்து மேடைகளுக்கு அத்தனையும் சைக்கிள் கேரியரிலும் மாட்டு வண்டியிலும் போகும். மறுநாள் காலையில் பேட்டரி மட்டும் எங்கள் கடை வாசலுக்கு வந்து நிற்கும்.

அப்பா முதலில் மூடிகளைத் திறந்து ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டரை இறக்குவார். ரப்பர்க் குமிழை அழுத்தி விட்டால் கண்ணாடிக் குழாயில் ஆசிட் ஏறும். உள்ளே மிதவையில் பச்சை, வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டை. 1.250-க்கு மிதந்தால் நிறைந்த பேட்டரி. 1.150 என்றால் அநேகமாகக் காலி. ஆறு செல்லில் ஒன்று மட்டும் இறங்கியிருந்தால், "இந்த ரூம்ல ஆள் செத்துட்டான்" என்பார். பிறகு ஏழெட்டு பேட்டரிகளைச் சங்கிலியாகக் கோர்த்து ரெக்டிஃபையர் பெட்டியில் மாட்டுவார். 80 ஆம்பியர் பேட்டரிக்கு 8 ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் முறுக்க விடமாட்டார். இரவு முழுக்க நுரைத்துக்கொண்டே இருக்கும். அவர் வேட்டி வெளுத்து வரும்போதெல்லாம் ஆசிட் பட்ட இடம் ஓட்டையாகியிருக்கும்.

ஈயத் தகடும் கந்தக அமிலமும் கொண்ட இந்தப் பேட்டரியை காஸ்டன் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் 1859-ல் செய்தார். இன்றைக்கும் ஆட்டோவிலும் டிராக்டரிலும் அதே வித்தைதான். அதன் சுபாவம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும்: பட்டினி போட்டால் செத்துப் போகும். காலியான நிலையில் கிடக்கிற தகட்டில் வெள்ளையாக உப்புப் பூக்கும். முதல் சில நாள் அது சார்ஜில் கரைந்துவிடும். நாள் கடந்தால் இறுகிப்போய்க் கரையாது. தகட்டில் அந்த இடம் இனி வேலை செய்யாது. விழா முடிந்து அசதியில் நாலு நாள் போட்டு வைத்துவிட்டுக் கொண்டுவரும் மைக் செட்காரர்களிடம் அப்பா இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்.

தமிழ்நாடு முழுக்க இதே பாடத்தைப் பெரிய செலவில் படித்தது மின்வெட்டுக் காலத்தில். 2008 நவம்பரில் கட்டுப்பாடுகள் வந்தன. 2012-ல் மாவட்டங்களில் ஒரு நாளில் பாதிப் பொழுதுக்கு மேல் மின்சாரம் இல்லை. லாட்ஜ்கள் எல்லாம் இன்வெர்ட்டர் வாங்கின. 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து மூன்றாம் மாடிக்கு ஏற்றுவார்கள். ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம் மின்சாரம் போனால் அது எப்போது நிறையும்? அரைவயிற்றிலேயே மாதக்கணக்கில் கிடந்தது. நாலைந்து வருஷம் உழைக்க வேண்டியவை ஒன்றரை வருஷத்தில் படுத்தன. பேட்டரி போலி என்று சண்டைக்கு வந்தவர்களுக்குத் தகட்டை வெட்டிக் காட்டியிருக்கிறேன்.

ஸ்பிரேயருக்குள் இருக்கிற சின்னப் பேட்டரி வேறு வழியில் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்குப் பிறகும் பிரவுசிங் சென்டர்கள் வந்தன. ரமணாசிரமத்தைச் சுற்றி வெளிநாட்டுக்காரர்களுக்காகவே பல இருந்தன. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கீழே ஒரு யூபிஎஸ், அதற்குள் 12 வோல்ட் 7 ஆம்பியர் பேட்டரி. மூடி போட்டு அடைத்தது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், சாய்த்தாலும் கொட்டாது. அதே அளவுதான் பின்னால் 8 ஆம்பியராக உழவர் முதுகில் ஏறியது. கையால் பம்ப் அடித்துத் தோள்பட்டை இறங்கிப்போன உழவருக்கு அது பெரிய விடுதலை.

ஆனால் யூபிஎஸ்ஸில் அதற்கு ஐந்து நிமிஷ வேலை. லாட்ஜ் கண்ணாடியில் நாள் முழுக்க வேலை. பெட்டியில் 8 ஆம்பியர் என்று போட்டிருப்பது இருபது மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைக்கிற கணக்கு. மோட்டார் ஒரே மூச்சில் 3 ஆம்பியர் இழுத்தால் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும்; இரண்டு மணி நேரத்துக்குள் மோட்டார் முனகத் தொடங்கும். முழுக்க வடித்து வடித்து ஏற்றினால் இருநூறு முந்நூறு தடவைக்கு மேல் தாங்காது. சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் போட்டு வைத்தால் அதுவும் இல்லை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஈயப் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு.

ஆகவே இந்த வேலைக்கு லித்தியம் வாங்கச் சொல்கிறேன். அதிலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். சோனி 1991-ல் விற்க ஆரம்பித்த லித்தியம் பேட்டரி கோபால்ட்டில் செய்தது. இரும்பும் பாஸ்பேட்டும் போட்டுச் செய்யலாம் என்று ஜான் குட்இனஃபின் குழு டெக்சாஸில் 1997-ல் காட்டியது. அந்த ஆய்வில் அவரோடு இருந்தவர்கள் அக்ஷயா பாதியும் நஞ்சுண்டசாமியும். அதற்கு வழி திறந்த எண்பதுகளின் ஆராய்ச்சியைக் குட்இனஃபோடு செய்தவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டில் அமரபுரம் என்கிற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்தவர். 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவரும் அவரே. நம் மண்ணிலும் இந்த ஆராய்ச்சிக்கு வேர் உண்டு. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டிய காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் பேட்டரிக்காகவே பல தலைமுறை ஆராய்ச்சியாளர்களை உருவாக்கியிருக்கிறது.

அந்தப் பேட்டரியைக் கையில் வாங்கிப் பார்த்தாலே பையன்களுக்குப் புரிந்துவிடும். ஈயத்தில் 8 ஆம்பியர் சுமார் இரண்டரை கிலோ. இதில் ஒரு கிலோதான். போட்ட ஆம்பியர் அநேகமாக முழுசாகக் கிடைக்கும். நல்ல செல்லாக இருந்தால் இரண்டாயிரம் தடவை வடித்து ஏற்றலாம். அரைவயிற்றில் கிடந்தாலும் உப்புப் பூக்காது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் இதற்கென்று உள்ள 14.6 வோல்ட் சார்ஜர்தான் போட வேண்டும். உள்ளே காவல் சர்க்யூட் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய லேப்டாப் செல்லைப் பிரித்துக் கோர்த்து, மேலே புது ஸ்டிக்கர் ஒட்டி வருகிறவை சந்தையில் இருக்கின்றன. பெட்டியைத் தராசில் வைத்துப் பாருங்கள். 12 ஆம்பியர் என்று போட்டு அரைக் கிலோகூட இல்லாவிட்டால் அது பொய்.

பேட்டரியை நீட்டிக்கப் பணம் செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. 40 அடி உயரத்துக்குத் தண்ணீர் ஏற 18 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். பிரஷ்ஷில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தால் சரி, பீய்ச்ச வேண்டியதில்லை. ஸ்பிரேயரின் பக்கவாட்டில் இருக்கிற ரெகுலேட்டரைப் பாதிக்குத் திருப்பி வைத்தால் வேலை நேரம் கண்கூடாக நீளும். டேங்கைத் தரையில் வைத்துக் குழாயை மட்டும் நீட்டிக்கொள்ளலாம். பேட்டரி ஒரு கிலோ, தண்ணீர் 16 கிலோ. முதுகை முறிப்பது தண்ணீர்.

அந்தத் தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ஊற்றித்தான் எத்தனையோ பேட்டரிகளைக் கொன்றிருக்கிறார்கள்; டிஸ்டில்டு வாட்டர் கேனுக்குக் கணக்குப் பார்த்த பலனாகத் தகடு கெடும். அதே தண்ணீர் கண்ணாடியில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கும். அதைப் போக்க மறுபடி துடைக்க வேண்டும், மறுபடி மோட்டார் ஓட வேண்டும். உப்பு நீக்கிய தண்ணீரில் கழுவினால் துணி போடாமலே கண்ணாடி காய்ந்துவிடும். வெளிநாடுகளில் கம்பு வைத்துக் கழுவுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். லாட்ஜில் ஏற்கெனவே ஆர்ஓ இருக்கிறது. டேங்கை அதிலிருந்து நிரப்ப விட்டால் பாதி வேலை மிச்சம்.

விடுவதில்லை. பேட்டரியும் அப்படித்தான். கண்ணாடிக்கு இவ்வளவு என்று மொத்தக் கூலி பேசுகிறார்கள். பேட்டரி பையன் செலவு. லித்தியம் ஈயத்தைவிட இரண்டு மூன்று மடங்கு விலை என்பதால், கணக்கு தெரிந்தும் அவன் ஈயத்தையே வாங்கிப் போகிறான். ஒரு வருஷத்துக்குள் திரும்ப வருகிறான். லாட்ஜ் முதலாளிகளிடம் நான் கேட்பது இதுதான்: கண்ணாடி ஒப்பந்தத்தில் பேட்டரியை உங்கள் செலவாக எழுதுங்கள். அதை லாட்ஜ் சாமானாக வைத்து, ஆபீஸ் அறையில் நிழலில் சார்ஜ் போடுங்கள். பழைய ஈயப் பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடைக்கு அனுப்புங்கள்; 2001-லிருந்தே அதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எடை போட்டு, ஈயத்துக்கு உண்டான தொகையைப் புதிய பேட்டரி விலையில் கழித்துக்கொள்கிறேன்.