கால் தடுக்கிய ஜனாதிபதி

இந்த எபிசோடை ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். "என் வீட்டுல இருந்து பார்த்தா ரஷ்யா தெரியுது". இதைச் சொன்னது யார்? அமெரிக்க அரசியலைக் கொஞ்சம் பார்க்கிறவங்க டக்குனு சொல்ற பேர் சாரா பேலின். தப்பு. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. சொன்னது டினா ஃபே, 2008 செப்டம்பர் 13 அன்று, 'சாட்டர்டே நைட் லைவ்' காமெடி நிகழ்ச்சியில், பேலின் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு. நிஜ பேலின் அதுக்கு இரண்டு நாள் முன்னாடி ஒரு டிவி பேட்டியில் சொன்னது, அலாஸ்காவில் ஒரு தீவில் நின்னா ரஷ்யாவின் நிலம் கண்ணுக்குத் தெரியும் என்பது. அது உண்மையும்கூட. பெரிங் நீரிணையில் இரண்டு தீவுகள் இருக்கு. ஒன்று அமெரிக்காவுடையது, இன்னொன்று ரஷ்யாவுடையது. நடுவில் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர்தான்.

ஆனா ஜனங்க மனசுல தங்கினது காமெடி வசனம். இது எப்படி நடக்குதுன்னு புரியணும்னா 1975-க்குப் போகணும்.

அந்த வருஷம் ஜூன் 1. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரம், மழை. அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட் விமானப் படிக்கட்டில் இறங்குறார். ஒரு கையில் குடை, இன்னொரு கை மனைவி பெட்டியைத் தாங்கிப் பிடிச்சிருக்கு. கடைசிப் படிகள்ல வழுக்கி, கேமராக்களுக்கு முன்னாடியே கீழே விழுந்துட்டார். உடனே எழுந்து கை குலுக்கினார். அவ்வளவுதான் விஷயம். மழையில் யாருக்கும் நடக்கும்.

நாலு மாசம் கழிச்சு, அக்டோபர் 11-ல் 'சாட்டர்டே நைட் லைவ்' தொடங்குது. செவி சேஸ் என்ற 32 வயது நடிகர் ஃபோர்டாக வர ஆரம்பிக்கிறார். நம்ம ஊர் மிமிக்ரியில் குரல்தான் முதல் மூலதனம், இல்லையா? சேஸ் குரலை மாத்தவே இல்லை. விக் கிடையாது, மேக்கப் கிடையாது. முகத்திலும் ஒரு ஜாடை இல்லை. பேச நிப்பார், தடுக்கி விழுவார். எழுந்திருப்பார், மேஜையோட சேர்ந்து மறுபடி விழுவார். ஃபோர்ட்னா விழுவார், அதுதான் மொத்த மிமிக்ரியும்.

ஃபோர்ட் யாருன்னு பார்த்தாதான் இதுல இருக்கிற அநியாயம் தெரியும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடியவர். 1932, 1933 இரண்டு வருஷமும் தேசிய சாம்பியன் ஆன அணி அது. படிப்பு முடிஞ்சதும் இரண்டு தொழில்முறை அணிகள் அவரைக் கூப்பிட்டன. அவர்தான் சட்டம் படிக்கப் போனார். வெள்ளை மாளிகையில் உட்கார்ந்தவங்கள்ல இவர் அளவுக்கு விளையாட்டு வீரர்கள் ரொம்பக் குறைவு. அவரைத்தான் கால் தட்டி விழுற மனுஷனா நாடு ஞாபகம் வச்சிருக்கு.

அவர் ஏன் இவ்வளவு சுலபமா மாட்டினார்? என் கணக்கு இது. ஃபோர்டை நாடு முழுக்க யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலை. துணை ஜனாதிபதி பதவி காலியானப்போ 1973 டிசம்பரில் நியமனமா உள்ளே வந்தார். 1974 ஆகஸ்டில் நிக்சன் ராஜினாமா செய்ய, ஜனாதிபதி ஆனார். மக்கள் மனசுல அவருக்குன்னு ஒரு உருவம் உருவாகலை. காலியா இருந்த அந்தச் சட்டத்துல சேஸ் தன் படத்தை மாட்டிட்டார். நிக்சனை எடுத்துக்கோங்க. டேவிட் ஃப்ரை, ரிச் லிட்டில்னு அவரைக் கிழிச்ச மிமிக்ரி கலைஞர்கள் நிறைய. ஆனா 1972-ல் அவர் 50 மாநிலத்தில் 49-ஐ ஜெயிச்சார். பிடிச்சவங்களுக்கும் பிடிக்காதவங்களுக்கும் அவரைப் பத்தி ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தது.

வெள்ளை மாளிகை என்ன செஞ்சது? நாமும் சேர்ந்து சிரிச்சுட்டா சரியாயிடும்னு நினைச்சது. 1976 ஏப்ரல் 17 அன்று ஃபோர்டின் பத்திரிகைச் செயலாளர் ரான் நெசன், அந்த நிகழ்ச்சியைத் தானே தொகுத்து வழங்கினார். ஃபோர்டும் சில வரிகளை முன்கூட்டியே பேசிப் பதிவு செஞ்சு கொடுத்தார். அன்னைக்கு ஒளிபரப்பான மத்த ஸ்கிட்களோ பச்சையா இருந்தது. டான் அய்க்ராய்ட் ஒரு முழு மீனை மிக்ஸியில் போட்டு அரைச்ச புகழ்பெற்ற விளம்பரக் காமெடியும் அதே ராத்திரிதான். ஜனாதிபதியே முத்திரை குத்தி அனுப்பின மாதிரி ஆயிடுச்சு.

நவம்பரில் ஃபோர்ட் தோத்தார். கார்ட்டருக்கு 297, இவருக்கு 240. ஓஹியோவில் வித்தியாசம் சுமார் 11,000 ஓட்டுதான். அப்போ செவி சேஸ்தான் தோக்கடிச்சாரா? கார்ட்டர் ஜெயிக்கணும்னுதான் தானும் விரும்பியதா சேஸ் பிற்பாடு சொல்லியிருக்கார். எனக்கு அவ்வளவு தூரம் போக மனசில்லை. நிக்சனுக்கு ஃபோர்ட் கொடுத்த மன்னிப்பு இருந்தது, விலைவாசி இருந்தது. கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கமே இல்லைன்னு விவாத மேடையில் அவர் தானே சொன்ன உளறலும் இருந்தது. ஆனா அந்த உளறல் ஏன் அவ்வளவு ஒட்டிக்கிச்சு? 'இவர் தடுமாறுறவர்'னு ஒரு வருஷமா சனிக்கிழமை தோறும் பார்த்துப் பழகின கண்ணுக்கு, இது இன்னொரு தடுமாற்றம். மிமிக்ரி செய்யற வேலை அங்கேதான்.

பேலின் கதையும் இதே அச்சு. 2008 ஆகஸ்ட் 29 அன்று துணை ஜனாதிபதி வேட்பாளரா அறிவிக்கப்படுறார். அலாஸ்காவுக்கு வெளியே அவரைத் தெரிஞ்சவங்க கம்மி. பதினஞ்சே நாள்ல டினா ஃபே வந்துட்டார். இதுல இன்னொரு கொடுமை, செப்டம்பர் கடைசியில் வந்த ஸ்கிட்டில் பேலினோட நிஜப் பேட்டிப் பதிலையே சில இடங்களில் கிட்டத்தட்ட வரிக்கு வரி சொன்னாங்க. ஜோக் எழுத வேண்டிய வேலையே இல்லை. எது அவர் சொன்னது, எது எழுதிக் கொடுத்ததுன்னு பிரிக்கிற கோடு அங்கேயே அழிஞ்சுபோச்சு. அக்டோபர் 18-ல் பேலினும் நெசன் செஞ்சதையே செஞ்சார், நேராப் போய் அதே நிகழ்ச்சியில் நின்னார். 14 வருஷத்தில் இல்லாத பார்வையாளர் கூட்டம் நிகழ்ச்சிக்குக் கிடைச்சது. அவருக்கு என்ன கிடைச்சதுன்னு கேட்காதீங்க.

2012-ல் மூன்று ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்து, 'ஃபே விளைவு'ன்னு பேர் வச்சாங்க. துணை ஜனாதிபதி விவாதத்தைக் கிண்டல் செஞ்ச ஃபேயின் ஸ்கிட்டைப் பார்த்த இளைஞர்கள்கிட்ட பேலின் மேல இருந்த மதிப்பு குறைஞ்சிருந்தது. யார்கிட்ட அதிகமாக் குறைஞ்சதுன்னா, ஏற்கெனவே எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரங்ககிட்ட இல்லை. அவரோட சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சி இளைஞர்கள், எந்தக் கட்சியும் சாராதவங்க, இவங்ககிட்டதான்.

ஃபோர்டும் சேஸும் என்ன ஆனாங்க? 1986-ல் ஃபோர்ட், தன் பேரில் இருக்கிற அருங்காட்சியகத்தில் 'நகைச்சுவையும் ஜனாதிபதி பதவியும்'னு ஒரு கருத்தரங்கு நடத்தினார். பேச வந்தவங்கள்ல செவி சேஸும் ஒருத்தர். ஃபோர்ட் 2006-ல், 93 வயதில் இறந்தார். அஞ்சலிச் செய்திகள்லயும் அந்தச் சால்ஸ்பர்க் படிக்கட்டு வந்துச்சு.