வானம் காட்டும் இடமும் தேசப்படம் காட்டும் வழியும்

அறியாத ஊரில் நிற்கும் ஒருவனுக்கு இரண்டு வினாக்கள் எழுகின்றன. தான் நிற்கும் இடம் எது என்பது ஒன்று. சேரவேண்டிய இடத்துக்கு வழி எது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு இக்காலத்தில் விடை தருவது வானத்துச் செய்மதி. இரண்டாவதற்கு விடை தருவது மண்ணை அளந்து வரைந்த தேசப்படம். உள்ளங்கையில் அடங்கும் கருவியொன்றில் இவ்விரண்டும் இன்று கூடியிருத்தலால், அவை வெவ்வேறானவை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அவை தனித்தனியே வளர்ந்து ஒன்றுகூடிய வரலாறு அறியத்தக்கது.

1957 ஒக்ரோபர் 4 ஆம் நாள் சோவியத்து ஒன்றியம் ஸ்புட்னிக் என்னும் முதற் செய்மதியை ஏவியது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துப் பிரயோக பௌதிக ஆய்வுகூடத்திலே பணியாற்றிய வில்லியம் கையர், ஜோர்ஜ் வைபன்பாக் என்னும் இருவர் அதன் வானொலிக் குறியைச் செவிமடுத்தனர். புகையிரதம் ஊதிக்கொண்டு நம்மைக் கடக்கும்போது அதன் ஊதல் மாறி ஒலிப்பதைப் போல, அக்குறியின் மீடிறனும் செய்மதி நெருங்கும்போது கூடியும் அகலும்போது குறைந்தும் வந்தது. அம்மாற்றத்தைக் கொண்டே அவர்கள் செய்மதியின் பாதையைக் கணித்தனர். 1958 இல் அவ்வாய்வுகூடத்துப் பிராங் மக்ளூர் அக்கணக்கைத் தலைகீழாக நோக்கினார். கேட்பவன் நிற்கும் இடம் தெரிந்தால் செய்மதியின் பாதையை அறியலாமெனின், செய்மதியின் பாதை தெரிந்தால் கேட்பவன் நிற்கும் இடத்தையும் அறியலாமன்றோ? இவ்வெண்ணத்திலிருந்தே டிரான்சிற் என்னும் அமைப்புப் பிறந்தது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கென அமைந்த அது, 1964 இற் பயன்பாட்டுக்கு வந்து, 1967 இற் பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டது.

அடுத்துத் தோன்றியதே ஜீ.பீ.எஸ். எனப்படும் அமைப்பு. அதன் முதற் செய்மதி 1978 இல் ஏவப்பட்டது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுழலும் இச்செய்மதிகள் ஒவ்வொன்றிலும் அணு மணிக்கூடு உண்டு. குறி புறப்பட்ட நேரத்தையும் அது வந்து சேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டுக் கருவி தூரத்தைக் கணிக்கின்றது. ஒரு செக்கனின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும். ஆதலின், இடத்தை அறிய மூன்று செய்மதிகளும், கருவியின் சொந்த மணிக்கூட்டைத் திருத்த நான்காவதொன்றும் வேண்டப்படுகின்றன.

இப்படைத்துறைச் சாதனம் பொதுமக்களை நோக்கித் திரும்பியதற்கு ஒரு பெருந்துயரும் காரணமாயிற்று. 1983 செப்டெம்பர் 1 ஆம் நாள் தென்கொரியப் பயணிகள் விமானமொன்று வழிதவறிச் சோவியத்து வான்பரப்பினுட் புகுந்து, சக்காலின் தீவருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். அதன்பின், இவ்வமைப்பு நிறைவுற்றதும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு இலவசமாக அளிக்கப்படும் என அமெரிக்க அரசு அறிவித்தது. ஆயினும், பொதுமக்களுக்குரிய குறியில் வேண்டுமென்றே புகுத்தப்பட்ட பிழை, இடத்தை நூறு மீற்றர் வரை மாற்றிக் காட்டியது. அப்பிழை 2000 மே மாதத் தொடக்கத்திலேதான் நீக்கப்பட்டது.

தேசப்படத்தின் கதை வேறு. 1985 இல் கலிபோர்னியாவிலே ஈற்றாக் என்னும் நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்கென வழிகாட்டுங் கருவியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அது செய்மதியை நாடவில்லை. சில்லுகளின் சுழற்சியையும் திசையறி கருவியையும் கொண்டு வண்டி இருக்கும் இடத்தைக் கணித்துத் திரையிற் காட்டியது. தேசப்படமோ ஒலிநாடாப் பேழைகளிற் பதியப்பட்டிருந்தது. ஒரு பேழையிற் கொள்ளும் அளவு சிறிதாதலின், பெருநகரொன்றுக்கே பல பேழைகள் வேண்டியிருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து, 1989 இல், மகெலன் நிறுவனம் கையிற் கொண்டு செல்லத்தக்க செய்மதிக் கருவியை வெளியிட்டது. அதில் தேசப்படம் இல்லை. அகலாங்கையும் நெட்டாங்கையும் எண்களாக மட்டுமே அது காட்டியது. ஒன்று வானமின்றி மண்ணைச் சுமந்தது. மற்றது மண்ணின்றி வானத்தைக் கேட்டது.

இவ்விரண்டையும் இணைத்தது சேமிப்பு நினைவகத்தின் வளர்ச்சியே. நிழற்படம் போலச் சேமிக்கப்படும் தேசப்படம் மிகுந்த இடத்தைக் கொள்ளும். வீதிகளைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் எழுதிவைத்தாலோ, அதே நிலப்பரப்பு மிகச் சிறிய இடத்தில் அடங்கும். நகத்தளவான நினைவக அட்டைகள் வந்தபின், ஒரு நாடு முழுவதையும் சட்டைப் பையில் எடுத்துச் செல்ல முடிந்தது. 2004 இல் இங்கிலாந்திலே ஸ்ரீவ் கோஸ்ற் தொடங்கிய ஓப்பின் ஸ்ரீற் மப் என்னும் முயற்சி, எவரும் வரைந்து சேர்க்கவும் எவரும் இலவசமாகப் பெறவும் கூடிய தேசப்படத்தை உலகுக்கு அளித்தது.

அதன் பயன் 2010 ஜனவரியில் வெளிப்பட்டது. அம்மாதம் 12 ஆம் நாள் ஹெயிட்டி நாட்டைப் பெரும் பூமியதிர்ச்சி தாக்கியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் இடிபாடாயிற்று. தொலைபேசித் தொடர்புகள் பெரிதும் அறுந்தன. வெளிநாட்டு மீட்புக் குழுவினருக்குச் செய்மதிகள் இடத்தைக் காட்டின. ஆனால் அந்நகரின் சிறு வீதிகளைக் காட்டும் நல்ல தேசப்படம் கிடைத்தற்கரிதாயிருந்தது. பல நாடுகளிலுமிருந்த தொண்டர் நூற்றுக்கணக்கானோர், வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, வீதிகளையும் இடிந்த கட்டடங்களையும் முகாம்களையும் சில நாட்களுள் வரைந்து முடித்தனர். மீட்புக் குழுவினர் அத்தேசப்படத்தைத் தம் கைக்கருவிகளிற் சேமித்துக்கொண்டு இடிபாடுகளிடையே வழிகண்டனர். அந்நகரை ஒருபோதும் கண்டிராதவர்கள் வரைந்த கோடுகள், அங்கே உயிருக்குப் போராடியோரைத் தேடிச் சென்றவர்களுக்குத் துணையாயின.

இவ்வரலாறு கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவர்க்கும் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. செய்மதிக் குறியைப் பெறுங் கருவி, வானொலிப் பெட்டியைப் போலக் கேட்பதேயன்றிப் பேசுவதில்லை. ஆகையால், தொலைபேசி வலையமைப்பு எட்டாத காட்டிலும் கடலிலும் அது இடத்தை அறியவல்லது. தேசப்படத்தையோ பெரும்பாலான தொலைபேசிகள் அவ்வப்போது இணையத்திலிருந்தே பெறுகின்றன. இணையம் அற்றுப்போனால், வெற்றுத் திரையில் ஒரு புள்ளி மட்டுமே எஞ்சும்.

எனவே, தொலைவழி செல்வோர் புறப்படுமுன்னரே செல்லும் பகுதியின் தேசப்படத்தைக் கருவியினுட் சேமித்தல் வேண்டும். அதற்குப் போதிய இடம் உண்டா என முதலிற் பார்த்தலும், சேமித்தபின் இணையத்தை நிறுத்திப் படம் தோன்றுகின்றதா எனச் சோதித்தலும், வீதிகள் மாறுவனவாதலின் காலந்தோறும் அதனைப் புதுப்பித்தலும் நன்று. கட்டுச்சோறு கட்டிப் புறப்பட்ட முன்னோர், வழியிற் சோறு கிடைக்கும் என்று நம்பியிருந்தவரல்லர். வானம் எவர்க்கும் பொதுவாக இடத்தைச் சொல்லும். வழியை அவரவரே கட்டி எடுத்துச் செல்லல் வேண்டும்.