மணலில் தொடங்கிய கை: தாமிரபரணிக் கரைத் தொடக்கப் பள்ளிகளில் துணைக்கருவியின் வரலாறு

தொடக்கப் பள்ளி ஆசிரியர் கெட்டி அட்டையை வெட்டி எழுத்துச் சக்கரம் செய்கிறார். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி இடமதிப்பு கற்பிக்கிறார். புளியமுத்துகளைப் பரப்பிக் கூட்டல் சொல்லித்தருகிறார். இதை நாம் இரண்டு விதமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். அரசு காசு தராததால் ஆசிரியர் செய்துகொள்ளும் ஒட்டுவேலை என்பது ஒரு பார்வை. பயிற்சி முகாம்கள் வழியாக அண்மையில் வந்து சேர்ந்த புதுமுறை என்பது இன்னொன்று. இரண்டுமே வரலாற்றோடு பொருந்தவில்லை. திண்ணையில் பரப்பிய மணலிலிருந்து இன்றைய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் அட்டைவரை திருநெல்வேலிச் சீமையில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. அந்தத் தொடர்ச்சியில் எந்தக் கருவி பிள்ளைக்கு உதவியது, எது அலமாரியில் உறங்கியது என்பதை அதன் விலையோ புதுமையோ முடிவுசெய்யவில்லை. அதைச் செய்த கை வகுப்பறைக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதே முடிவுசெய்தது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

திண்ணைப் பள்ளியில் பிள்ளையின் முதல் பலகை மணல்தான். ஆசிரியர் மணலில் எழுதிக்காட்டுவார். தென்மாவட்டங்களில் அவருக்கு அண்ணாவி என்று பெயர். அந்த எழுத்தின் மேல் பிள்ளை விரலை ஓட்டும். பிறகு தானே எழுதும். தப்பினால் உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடி எழுதும். விரல் பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். ஓலையை நறுக்குவது, பதப்படுத்துவது, கீறிய எழுத்து தெரியும்படி கரியையும் பச்சிலைச் சாற்றையும் குழைத்துத் தடவுவது ஆகிய எல்லாமே படிப்பின் பகுதிகளாக இருந்தன. புதுச் சுவடிக்கு மை தடவுவதை மையாடல் என்று ஒரு சடங்காகவே நடத்தினார்கள். கணக்குக்கும் இதே நிலைதான். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து ஆகிய வாய்பாட்டுச் சுவடிகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். இந்த மனப்பாடத்தை வெறும் ஒப்பிப்பாகக் கொள்ளாமல், கணக்கிடும் திறனின் ஒரு வடிவமாக விளக்குகிறார் கணித வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு. தாமிரபரணிக் கரையில் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது இன்னும் தெளிவாகும். இங்கே வயலின் பரப்பையே ‘ஒரு கோட்டை விதைப்பாடு’ என்று நெல்லால் சொன்னார்கள். 21 மரக்கால் ஒரு கோட்டை. நெல்லிலக்கத்தில் ஆழாக்கு, உழக்கு, நாழி, குறுணி என்று வாயால் ஏறிய பிள்ளை வீட்டுக்குப் போனால் அதே உழக்கும் நாழியும் குதிரின் பக்கத்தில் கிடந்தன. துணைக்கருவியைத் தனியாகச் செய்ய வேண்டிய தேவையே எழவில்லை. ஊரே அதைச் செய்து வைத்திருந்தது.

இந்த மணலின் மதிப்பை உலகுக்குச் சொன்னவர் ஒரு வெளியூர்க்காரர். ஆண்ட்ரூ பெல் 1789-இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குக் கண்காணிப்பாளரானார். நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃபிரிஸ்கனை வைத்தே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பித்தார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியே இது மெட்ராஸ் முறை என்ற பெயரில் பரவியது; இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளும் மணல் தட்டில் எழுதினார்கள். பெல் எடுத்துச் சென்றவை இரண்டு: மணலும், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் ஏற்பாடும். நம்மூரில் சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்டவன்தான் அந்த மூத்த மாணவன். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஓர் ஆசிரியர், அவர் முன்னால் வெவ்வேறு படியில் நிற்கும் பல பிள்ளைகள். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது அந்த அறையில் இருப்பவருக்கு மட்டுமே தெரியும். ஒருவர் இன்னொரு பிள்ளையைக் கவனிக்கும் நேரத்தில் இந்தப் பிள்ளை தானாகப் பயில ஒரு பொருள் வேண்டும். துணைக்கருவி பிறந்த காரணம் இது. இருநூறு ஆண்டுகளில் இந்தக் காரணம் மாறவே இல்லை என்பதைக் கட்டுரையின் பின்பகுதியில் பார்ப்போம்.

இங்கே ஒரு வலுவான எதிர்ப்பு எழும். திண்ணைப் பள்ளியை இப்படிப் பேசுவது அதன் கதவு யாருக்கு மூடியிருந்தது என்பதை மறைப்பதாகாதா? ஆகும், அதைச் சொல்லாமல் விட்டால். ஆளுநர் தாமஸ் மன்றோ நாட்டுப் பள்ளிகளைப் பற்றித் தொடங்கிவைத்த விசாரணையின் முடிவில், 1826-இல் அவர் எழுதிய குறிப்பு சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளைக் கணக்குக் காட்டுகிறது. அந்த ஆவணங்களை 1983-இல் நூலாகத் தந்த தரம்பால், தமிழ் மாவட்டங்களில் பிராமணர் அல்லாத மாணவர்களே மிகுதி என்று காட்டினார். அது உண்மை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் அந்தத் திண்ணை பெரும்பாலும் எட்டவில்லை என்பதும் அதே அளவு உண்மை. ஆகவே திண்ணைக்குத் திரும்புவோம் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. ஒரு முறையின் நுட்பத்தை ஒப்புக்கொள்வதற்கு, அதைப் பூட்டி வைத்திருந்த சமூகத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

அந்தப் பூட்டைத் தளர்த்தியதில் சிலேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. மிஷனரி ரேனியஸ் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தபின் மிஷன் பள்ளிகள் பனங்காட்டு ஊர்களுக்குள் பரவின. அவரே 1832-இல் பூமிசாஸ்திரம் என்ற பாடநூலைத் தமிழில் வெளியிட்டார். இன்றும் ஊர் ஊராக நிற்கும் டி.டி.டி.ஏ. (திருநெல்வேலி டயோசீசன் டிரஸ்ட் அசோசியேஷன்) தொடக்கப் பள்ளிகள் அந்தக் காலத்து விதைகளே. ஓலையில் கீற நீண்ட பயிற்சி வேண்டும். கீறிய பிழையை அழிக்க முடியாது. சிலேட்டில் முதல் நாளே எழுதலாம், எச்சில் தொட்டு அழிக்கலாம், ஒரே சிலேட்டை அண்ணனுக்குப் பின் தங்கை எடுத்துப் போகலாம். ஒருவகையில் அது கையில் தூக்கிச் செல்லும் மணல். ஆனால் அது கடையில் வாங்கும் பொருள். ஆந்திரத்து மார்க்காபூரின் பாறையிலிருந்து வந்த சிலேட்டை இங்கே யாரும் செய்ய முடியாது. எனவே கருவி முதன்முறையாகப் பிள்ளையின் கையையும் ஆசிரியரின் கையையும் விட்டு விலகியது. அச்சுப் பாடநூல் அந்த விலகலை இன்னும் நீட்டியது. 1920-இல் திருநெல்வேலியில் தொடங்கிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் தமிழ்க் கல்விக்குச் செய்த தொண்டு பெரிது. என்றாலும் புத்தகம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பக்கத்தைத்தான் காட்டும்.

கை முழுதாக விலகிவிடவில்லை. வெளுத்துப்போன சிலேட்டுக்கும் கரும்பலகைக்கும் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துப் பூசும் வழக்கம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நெடுங்காலம் இருந்தது. ஊமத்தை இலையையும் சேர்ப்பார்கள். பச்சிலையும் கரியும் சேர்ந்த இந்தக் கூட்டு ஓலைச்சுவடிக்கு மையாடிய அதே கூட்டுதான். ஓலை போய்ப் பலகை வந்தது. மை தடவும் கை அப்படியே நின்றது. தொடர்ச்சி என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மிஷன் பள்ளிகள் பரவிய அதே காலத்தில் பாளையங்கோட்டையில் நடந்த இரண்டு முயற்சிகளைக் கல்வி வரலாறு எழுதுவோர் தொண்டு வரலாற்றில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது பெரும் பிழை. 1890-இல் அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். 1897-இல் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கினார். பார்வையற்ற பிள்ளைக்கு எழுத்து என்பதே விரலால் தடவி அறியும் புள்ளி. காது கேளாத பிள்ளைக்குச் சொல்லின் பொருள், கண்முன் வைக்கும் பொருளிலிருந்தும் கையசைவிலிருந்தும்தான் தொடங்குகிறது. மற்றப் பள்ளிகளில் பாடத்துக்கு ‘துணை’ என்று ஒதுக்கிவைத்த கருவி இங்கே பாடமாகவே இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் அது தேவைப்பட்டது என்று சொல்ல முடியாது. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரியின் மணற்காகித எழுத்துகள், பார்வையுள்ள பிள்ளைக்கும் விரல்தான் முதல் கண் என்ற புரிதலில் உருவானவை. திண்ணை மணலுக்கும் அதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மணற்காகித எழுத்து முன்பே செய்து முடிந்தது, பிள்ளை அதைத் தடவ மட்டுமே செய்யும். மணலில் பிள்ளை எழுத்தைத் தானே படைத்துத் தானே அழிக்கும்.

கைவேலையைக் கல்வியின் நடுவில் வைத்தது காந்தியின் ஆதாரக் கல்வி. 1937-இல் வார்தாவில் உருவாகி, ஜாகிர் உசேன் குழு வகுத்த அந்தத் திட்டத்தில் தக்ளி என்ற கைக்கதிரில் நூல் நூற்பதன் வழியே கணக்கும் அறிவியலும் வரவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். தமிழ்நாட்டில் இந்த எண்ணத்துக்கு ஆறாத காயம் ஏற்பட்டது 1953-இல். ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் பெற்று, பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. வகுப்பறையில் கைவேலை என்ற பேச்சை எடுத்தாலே இந்த நினைவு குறுக்கே வருவது நியாயம்தான். பனையேறியின் மகனுக்கு ஓலை முடையவும், பீடி சுற்றும் தாயின் மகளுக்கு இலை வெட்டவும் கற்றுக்கொடுத்து அதைக் கல்வி என்று அழைத்தால் அது அநீதி. ஆனால் ஓலைக் காற்றாடி செய்து காற்றின் திசையைப் பார்ப்பதும், நுங்கு வண்டியின் சக்கரத்தை ஒரு சுற்று உருட்டி அது கடந்த தூரத்தை அளப்பதும், அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களை உருளை, கூம்பு, கோளம் என்று பிரிப்பதும் எந்தத் தொழிலுக்கும் எந்தப் பிள்ளையையும் அனுப்புவதில்லை. அங்கே செய்யப்படுவது பண்டம் அன்று, ஒரு கருத்து. எல்லாச் சாதிப் பிள்ளையும், ஆணும் பெண்ணும், ஒரே வட்டத்தில் அமர்ந்து அதைச் செய்கிறார்கள். குலக்கல்வியை மறுத்த தமிழ்நாடு கையை மறுக்க வேண்டியதில்லை. பிறப்புக்கும் கைக்கும் போட்ட முடிச்சைத்தான் மறுத்தது.

1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 1987-இல் வந்த கரும்பலகைத் திட்டம், தொடக்கப் பள்ளிக்கு இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கற்பித்தல் கருவிகள் என்று குறைந்தபட்ச அளவை வகுத்தது. அறையும் ஆசிரியரும் பெரிய வரவு. பெட்டியில் வந்த கருவிகளோ வேறு கதை. எங்கோ செய்து, எண்ணிக்கைப் பதிவேட்டில் ஏறிய பொருளைப் பிள்ளை உடைத்துவிட்டால் தலைமையாசிரியர் கணக்குச் சொல்ல வேண்டும். ஆகவே பூட்டி வைப்பதே பத்திரம். 2001-இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கம் இதைத் திருத்தியது. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் துணைக்கருவி செய்ய ஆண்டுக்கு 500 ரூபாய் கொடுத்தது. கருவி மறுபடி வகுப்பறைக்குள் பிறந்தது. சார்ட்டும் பசையும் மணிச்சட்டத்துக்கான மணியும் ஆசிரியரே வாங்கினார். உடைந்தால் அவரே ஒட்டிக்கொள்வார், அதனால் பிள்ளைகள் தொட்டார்கள்.

செயல்வழிக் கற்றலின் கதையும் இதையே காட்டுகிறது. ஆந்திரத்து ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான அட்டைகளும் கற்றல் ஏணியும், மாநகராட்சி ஆணையர் எம்.பி.விஜயகுமாரின் முயற்சியால் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தன. 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவின. பிள்ளை தன் வேகத்தில் தன் படியில் ஏறலாம் என்ற கொள்கை பொன்னானது. கைக்கெட்டும் உயரத்தில் சுவரில் தீட்டிய கீழ்மட்டக் கரும்பலகை ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத ஓர் இடம் கொடுத்தது. ஆனால் சிறு அளவில் ஆசிரியர்கள் உருவாக்கிய அட்டை, மாநில அளவில் அச்சானபோது சென்னைக்கும் முக்கூடலுக்கும் ஒரே அட்டையாகிவிட்டது. தொலைந்த அட்டைக்கு மாற்றாக ஆசிரியர் தாமே ஒன்றை எழுதிச் செருகினால் ஏணியில் அதற்கு எண் இல்லை. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையைப் பிரித்து, துணைக்கருவியையும் பொம்மலாட்டத்தையும் மறுபடி ஆசிரியர் கையில் வைத்தது. திசை சரி. அந்தக் கைக்கு நேரம் இருக்கிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி.

இறுதி எதிர்ப்பு ஆசிரியர்களிடமிருந்தே வருகிறது. எல்லாவற்றிலும் மதிக்கத்தக்கதும் அதுவே. இரவில் வீட்டில் உட்கார்ந்து, சொந்தக் காசில் அட்டை வெட்டுவதைத் தொண்டு என்று புகழ்ந்தே அரசு தன் கடமையிலிருந்து நழுவுகிறது என்கிறார்கள். திறன்பலகையும் காணொளியும் வந்துவிட்ட காலத்தில் கத்தரிக்கோல் எதற்கு என்றும் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் எளிது. திரை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் ஒன்றைக் காட்டும். 60 பிள்ளைகள்வரை உள்ள ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கிறார்கள். பெல் கண்ட அதே நிலை. அங்கே ஒரு மூலையில் நாலு பிள்ளைகள் தாமாகப் பயில, அவர்கள் படிக்கேற்ற பொருள் கையில் இருக்க வேண்டும். முதல் கேள்விக்கு மறுப்பே இல்லை. குறைந்தது 200 வேலைநாள் என்று கொண்டால், அனைவருக்கும் கல்வி இயக்கம் தந்த 500 ரூபாய் நாளொன்றுக்கு இரண்டரை ரூபாய்தான். கருவி ஆசிரியர் கையில் பிறக்க வேண்டும் என்பதற்கு, அதன் செலவும் அவர் பையிலிருந்து போக வேண்டும் என்று பொருளில்லை.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியரின் வாரப் பணி நேரத்தை 45 மணி என்று சொல்லும்போது பாடத் தயாரிப்பு நேரத்தையும் அதற்குள் சேர்த்தே சொல்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான கற்றல் கருவிகளைத் தர வேண்டும் என்பதும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. பதிவேடுகளும் செயலிகளும் தின்றுவிடும் அந்தத் தயாரிப்பு நேரத்தை மீட்டு, வாரத்தில் ஒரு பிற்பகலையாவது அட்டை வெட்டவும் மணி கோக்கவும் ஒதுக்குங்கள். பயிற்சி என்ற பெயரில் ஆயத்தக் கருவிகளை அனுப்புவதை விட்டு, அட்டையும் பசையும் வண்ணமும் அனுப்புங்கள். முனைஞ்சிப்பட்டியில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், இந்த மாவட்டத்து ஆசிரியர்கள் செய்தவற்றைத் திரட்டி ஒரு நிலையான காட்சியறையில் வைத்து, எப்படிச் செய்வது என்ற குறிப்போடு எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பகிர்ந்தால், அடுத்த ஊர் ஆசிரியர் அதைத் தம் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றிச் செய்துகொள்வார்.